துறை என்னும் சொல்: அதன் தொல்வடிவும் பொருள் வளர்ச்சியும்

ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நீரிணையின்மீது ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளத்தில் ஒரு தரைப்பாலம் கிடக்கின்றது. 1923ஆம் ஆண்டில் அதன்மீது சரக்குத் தொடர்வண்டிகள் ஓடத் தொடங்கின. 1924 ஜூன் 28ஆம் நாள் அது முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. அதற்கு முன் மக்களும் சரக்குகளும் நீரிணையை ஃபெரியில்தான் கடக்க வேண்டியிருந்தது. இன்று விடியற்காலையில் அப்பாலத்தைக் கடக்கச் செல்லும் தமிழர் ஒருவர் கையில் கடப்பிதழை எடுத்துக்கொள்கின்றார். குடிநுழைவுத் துறையின் முகப்பில் அதை நீட்டுகின்றார். சுங்கத்துறையையும் தாண்டி அக்கரை சேர்கின்றார்.

இச்செயலை விவரிக்க நாம் எடுத்துக்கொண்ட சொற்களைச் சற்றே நின்று நோக்குவோம். ‘கடப்பிதழ்’ என்பதில் ‘கட’ என்னும் வினை இருக்கின்றது. ‘குடிநுழைவுத் துறை’ என்பதில் ‘துறை’ என்னும் பெயர் இருக்கின்றது. இரண்டும் ஆற்றங்கரையில் வழங்கிய பழஞ்சொற்கள். நீரைக் கடக்கும் இடத்தில் நிற்கும் அலுவலகத்தைத் ‘துறை’ என அழைக்கின்றோம். ஆயினும் அச்சொல்லின் முதற்பொருளை அங்கு நிற்கும்போது நினைப்பதில்லை. அச்சொல் எங்கிருந்து வந்தது, அதன் தொல்வடிவம் யாது, நீர்க்கரையில் இருந்த சொல் அரசு அலுவலகத்திற்குள் எவ்வாறு நுழைந்தது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உடுக்குறியின் பொருள்

மொழியியல் நூல்களில் சில சொற்களின் முன் விண்மீன் போன்ற ஒரு குறி இடப்பட்டிருக்கும். அதனை உடுக்குறி என்பர். “இவ்வடிவம் எந்தக் கல்வெட்டிலும் எந்த ஏட்டிலும் காணப்படவில்லை, உறவுடைய மொழிகளின் சொற்களை ஒப்பிட்டு நாம் மீட்டுருவாக்கியது” என்பதே அக்குறியின் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செருமானிய அறிஞர் ஆகசுட்டு சிலெய்கர் இவ்வழக்கத்தை நிலைபெறச் செய்தார்.

தென்னிந்திய மொழிகள் தமக்குள் ஓர் குடும்பம் என்பதை 1816இல் பிரான்சிசு வைட் எல்லிசு எடுத்துக்காட்டினார். 1856இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகரமுதலி 1961இல் முதற்பதிப்பாகவும் 1984இல் திருந்திய பதிப்பாகவும் வந்தது. இன்று ஒரு தமிழ்ச்சொல்லின் உறவுகளைத் தேடுவோர் முதலில் புரட்டும் நூல் அதுவே.

உடுக்குறி இட்ட வடிவம் ஒரு கற்பனை அன்று. அது ஒரு வழக்கில் நடுவர் வழங்கும் தீர்ப்பைப் போன்றது. சாட்சிகள் வேண்டும், சாட்சிகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், தீர்ப்பு சாட்சியங்களின் எல்லையைத் தாண்டக் கூடாது. ‘துறை’ என்னும் சொல்லுக்கு இம்முறையைக் கையாண்டு பார்ப்போம்.

மூன்று சாட்சிகள்

முதற்சாட்சி தமிழ். ஆற்றிலோ குளத்திலோ இறங்கும் இடம், நீராடும் இடம், கடந்து செல்லும் இடம், படகு அணையும் இடம் ஆகிய எல்லாம் தமிழில் துறை. சங்கச் செய்யுட்களில் நீர் உண்ணும் இடம் ‘உண்துறை’. நெய்தல் நிலத் தலைவன் ‘துறைவன்’.

இரண்டாம் சாட்சி மலையாளம். அங்கு ‘துற’ என்பது கடற்கரைக் குடியிருப்பையும் படகுகள் அணையும் இடத்தையும் குறிக்கும். நம் ‘துறைமுகம்’ அவர்களிடம் ‘துறமுகம்’.

மூன்றாம் சாட்சி கன்னடம். அங்கு ‘தொறெ’ என்றால் ஓடை, ஆறு. கரையிலுள்ள இடத்தின் பெயர் அங்கு நீரோட்டத்தின் பெயராகியுள்ளது.

ஓசை ஒத்திருப்பதால் மட்டும் இவை உறவுச் சொற்கள் ஆகிவிடா. ஒலி வேறுபாடுகள் ஒரு முறைக்குள் அடங்க வேண்டும். தமிழ்ச் சொல்லின் ஈற்றில் ‘ஐ’ நிற்குமிடத்தில் கன்னடத்தில் ‘எ’ நிற்கும். மலையாளத்தில் ‘அ’ நிற்கும். தலை, தலெ, தல. மலை, மலெ, மல. இதே முறையில்தான் துறை, தொறெ, துற என்பன நிற்கின்றன. ஈறு பொருந்துகின்றது. இனி முதலிலுள்ள உயிரை நோக்குவோம்.

உகரமா, ஒகரமா?

தமிழில் ‘து’, கன்னடத்தில் ‘தொ’. இது முரண்பாடு போலத் தோன்றும். ஆனால் இதுவும் ஒரு விதியே. குடை என்பது கன்னடத்தில் ‘கொடெ’. புகை என்பது பழங்கன்னடத்தில் ‘பொகெ’, தெலுங்கில் ‘பொக’. இலை என்பது கன்னடத்தில் ‘எலெ’. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வரும்போது, தமிழும் மலையாளமும் இகர உகரங்களைக் காட்டுமிடத்தில் கன்னடமும் தெலுங்கும் எகர ஒகரங்களைக் காட்டும். பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி போன்ற அறிஞர்கள் இவ்விதியை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

இவ்விடத்தில் நம் நாட்டுத் தோட்டப்புறங்களை நினைவுகூர்தல் தகும். ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் ‘எலை’ என்றனர், ‘பொகை’ என்றனர், ‘கொடை’ என்றனர், ‘ஒடம்பு’ என்றனர். பள்ளியில் அவ்வாறு பேசிய பிள்ளைகள் திருத்தப்பட்டனர். சில வேளைகளில் நகைக்கப்பட்டனர். எழுத்துத் தமிழைக் கற்பிக்கும் ஆசிரியர் திருத்துவது முறையே. ஆனால் அப்பேச்சை ஒழுங்கற்ற கொச்சை எனக் கருதியது பிழை. அது ஒழுங்குடையது. ‘குடை’ என்பதைக் ‘கொடை’ என்பவர் ‘குடி’ என்பதைக் ‘கொடி’ என்று சொல்வதில்லை. ‘புகை’ என்பதைப் ‘பொகை’ என்பவர் ‘புலி’ என்பதைப் ‘பொலி’ என்று சொல்வதில்லை. அடுத்த அசையின் உயிரை அறிந்தே முதல் உயிர் மாறுகின்றது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பால்மரத் தொழிலாளியின் நாவில், கன்னடத்தையும் தெலுங்கையும் ஆண்ட அதே வகையான விதி நின்று இயங்கியது.

அப்படியாயின் மூலத்தில் இருந்தது உகரமா, ஒகரமா? இச்சூழலில் தென்திராவிட மொழிகளில் அவ்விரண்டும் ஒன்றாய்க் கலந்துவிட்டன. ஆதலின் தமிழ், மலையாளம், கன்னடம் ஆகிய மூன்றைக் கொண்டு மட்டும் இதனைத் தீர்க்க இயலாது. நடுத்திராவிட, வடதிராவிட மொழிகளின் சாட்சி வேண்டும். எனவே உகரத்தை எழுதும்போதே, ஒகரத்திற்கும் இடமுண்டு என்று குறித்துக்கொள்வதே நேர்மையான முறை.

றகரத்தின் சான்று

சொல்லின் நடுவிலுள்ள மெய்யே இவ்வாய்வின் உயிர்நிலை. தமிழ்ப்பிள்ளைகள் அனைவரும் ‘கசடதபற’ என்று வல்லினத்தை மனப்பாடம் செய்கின்றனர். ககரம், சகரம், டகரம், தகரம், பகரம் ஆகியவை வல்லெழுத்துகள் என்பது எளிதில் விளங்கும். அவை காற்றைத் தடுத்து வெடித்துப் பிறப்பவை. ஆனால் நாம் இன்று நா அதிர ஒலிக்கும் றகரம் அவற்றோடு எவ்வாறு சேர்ந்தது? ரகரம் இடையினமாக இருக்க, அதனைப்போல ஒலிக்கும் றகரம் வல்லினமானது ஏன்?

றகரமும் தொடக்கத்தில் ஒரு வெடிப்பொலியாக இருந்ததே அதற்குக் காரணம். மேற்பல்லின் பின்னுள்ள முகட்டில் நாநுனி அழுந்திப் பிறந்த ஒலி அது. இரட்டித்து வந்த இடங்களில் அவ்வொலி இன்னும் வாழ்கின்றது. ‘காற்று’, ‘மாற்று’ என்னும் சொற்களை யாழ்ப்பாணத்தார் ஒலிப்பதைச் செவிமடுத்தால், தகரமும் அல்லாத டகரமும் அல்லாத ஒரு வெடிப்பொலியைக் கேட்கலாம். மலையாளிகளின் ‘ற்ற’ ஒலிப்பிலும் அது உண்டு. இரண்டு உயிர்களுக்கிடையே ஒற்றையாக வந்த இடங்களில் அது தேய்ந்து அதிரொலியாயிற்று. தொல்காப்பியர் தந்த எழுத்துப் பாகுபாடு அப்பழநிலையைத் தன்னுள் காத்து வைத்துள்ளது.

பழங்கன்னடத்திலும் றகரத்திற்குத் தனியெழுத்து உண்டு. மறை என்பதற்கு மறெ, பறை என்பதற்குப் பறெ என முறையாக ஒத்த சொற்கள் றகரத்தோடு நின்றன. ‘தொறெ’ என்பதும் அவ்வாறே. பின்னர்க் கன்னடத்தில் றகரம் ரகரத்தோடு கலந்து, அவ்வெழுத்தே வழக்கொழிந்தது. இன்றைய கன்னட நூலில் ‘தொரெ’ என்றுதான் அச்சிடுவர். பழைய ஏடுகள் இல்லையேல் அதன் றகரத்தை நாம் கண்டிருக்க முடியாது.

இம்மூன்றையும் சேர்த்தால் கிடைக்கும் தொல்வடிவம் *துறய் என்பதாகும். இதிலுள்ள றகரத்தைப் பழைய வெடிப்பொலியாகக் கொள்ள வேண்டும். மேலே சொன்னபடி, முதல் உயிர் ஒகரமாகவும் இருக்கலாம்.

‘துரை’ என்னும் வேறொரு சொல்லை இங்குப் பிரித்துக் காட்டுதல் வேண்டும். தோட்டத்தை ஆண்டவர் ‘பெரிய துரை’, அவருக்கு அடுத்தவர் ‘சின்ன துரை’. தலைவன் என்னும் பொருளுடைய இச்சொல் தெலுங்கின் ‘தொர’, கன்னடத்தின் ‘தொரெ’ என்பவற்றோடு உறவுடையது. அங்கு அதன் முதலெழுத்து மெலிந்து ஒலிக்கும் தகரம். ஆற்றுத் துறைக்கும் இத்துரைக்கும் உறவில்லை. உரோமன் எழுத்தில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடும். பேச்சிலோ றகர ரகர வேறுபாடு நம்மிடையே ஏறத்தாழ மறைந்துவிட்டது. எழுத்து ஒன்றே இன்று இரண்டையும் பிரித்து வைத்திருக்கின்றது. ஒரு பிள்ளை ‘துறை’ என்பதைத் ‘துரை’ என எழுதும்போது பிழையானது ஓர் எழுத்து மட்டும் அன்று. அச்சொல்லைக் கன்னடத்தோடும் மலையாளத்தோடும் கட்டியிருந்த முடிச்சு அங்கு அவிழ்கின்றது. நாம் எழுத்துப்பிழையைத் திருத்தும்போது இக்காரணத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். தண்டனையைவிடக் காரணம் நெடுநாள் நினைவில் நிற்கும்.

பொருள் நடந்த வழி

ஒலியை மீட்பதைவிடப் பொருளை மீட்பது கடினம். எனினும் சான்றுகள் ஒரு திசையைக் காட்டுகின்றன. நிலமும் நீரும் சந்திக்கும் கரை நெடுகிலும் மனிதன் நீரில் இறங்க இயலாது. சில இடங்களில் மட்டுமே கரை தாழ்ந்திருக்கும், நீர் ஆழம் குறைந்திருக்கும். அவ்விடமே துறை. அது கட்டப்பட்டது அன்று, கண்டறியப்பட்டது. படித்துறைகள் பின்னர் வந்தவை.

ஊர்ப்பெயர்கள் இதற்குத் துணைநிற்கின்றன. காவிரிக் கரையில் மயிலாடுதுறை, ஆடுதுறை, திருப்பராய்த்துறை எனத் துறைகள் தொடர்கின்றன. அவை ஆற்றுத் துறைகள். பெரிய ஆறு ஏதும் இல்லாத யாழ்ப்பாணத்தில் காங்கேசன்துறை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை என்பன கடற்கரையில் நிற்கின்றன. நிலம் மாறியபோது சொல் ஆற்றைவிட்டுக் கடலுக்குச் சென்றது. நம் ஜொகூரில் பாசிர் கூடாங், தஞ்சோங் பெலெபாஸ் ஆகிய இடங்களில் பெருங்கப்பல்கள் அணையும் இடங்களையும் ‘துறைமுகம்’ என்றே நம் நாளிதழ்கள் எழுதுகின்றன.

அடுத்த மாற்றம் நுட்பமானது. ஓர் ஊரின் ஆற்றில் ஒரே துறை இருப்பதில்லை. குடிநீர் எடுக்க ஒன்று, நீராட ஒன்று, துணி வெளுக்க வண்ணான்துறை, படகேறத் தோணித்துறை எனப் பயனால் பிரிந்து நிற்கும். ஆறு ஒன்று, துறைகள் பல. இதிலிருந்தே ‘ஒரு பெரும்பொருளின் ஒரு பிரிவு’ என்னும் பொருள் பிறந்தது எனக் கொள்ளலாம். தொல்காப்பியச் செய்யுளியல் துறையைச் செய்யுள் உறுப்புகளுள் ஒன்றாக எண்ணுகின்றது. புறநானூற்றுப் பாடல்களின் கீழ்த் திணையும் துறையும் குறிக்கப்பட்டுள்ளன. திணை பரந்த நீர்ப்பரப்பு எனின், துறை அதனுள் இறங்கும் வழி. ஒரு கல்வியை முற்றக் கற்றவரைத் ‘துறைபோகியவர்’ என்கின்றோம். துறையில் இறங்கி மறுகரை கண்டவர் என்பது அதன் உட்கிடை. அங்கிருந்து கல்வித்துறை, மருத்துவத்துறை, பிரதமர்துறை என்பன ஓரடித் தொலைவே.

பிறமொழிகளின் துறைகள்

இப்பொருள் வளர்ச்சி தமிழுக்கு மட்டும் உரியதா? பிற குடும்பங்களை நோக்கின், மனிதர் எங்கும் ஏறத்தாழ இதே வழியில் சென்றிருப்பதைக் காண்கின்றோம்.

வடமொழியில் ‘கடத்தல்’ என்னும் பொருளுடைய ‘தர’ என்னும் வேரிலிருந்து ‘தீர்த்த’ என்னும் சொல் பிறந்தது. அதன் முதற்பொருள் ஆற்றில் இறங்கும் இடம். பின்னர் அது புனித நீராடும் இடமாயிற்று. தமிழில் புனித நீரே தீர்த்தமாயிற்று. சமணர்கள் பிறவியைக் கடக்கும் துறையை அமைத்தவர்களைத் தீர்த்தங்கரர் என்றனர். அர்த்தசாத்திரத்தில் அரசின் உயர் அதிகாரப் பதவிகள் பதினெட்டும் ‘தீர்த்தங்கள்’ எனப்படுகின்றன. ஆற்றுத் துறை அரசுத் துறையான அதே மாற்றம் அங்கும் நிகழ்ந்துள்ளது. சிங்களத்தில் துறையைக் குறிக்கும் ‘தொட்ட’ என்பதும் அதே வேரின் வழிவந்ததே. அம்பாந்தோட்டை என்னும் பெயரின் ஈற்றில் அதனைக் காணலாம்.

ஆங்கிலத்தின் ‘ஃபோர்டு’ என்பது ஆற்றை நடந்து கடக்கும் இடம். ஆக்ஸ்ஃபோர்டு என்றால் எருதுகள் கடக்கும் துறை. அதன் உறவுச்சொல்லாகிய இலத்தீனின் ‘போர்த்துஸ்’ துறைமுகத்தைக் குறித்தது. ‘போர்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்தது. இலத்தீனில் பகரம் நிற்குமிடத்தில் செருமானிய மொழிகளில் ஃபகரம் நிற்கும் என்பது விதி. ஒரே மூலம், ஒரு மொழியில் ஆற்றுத் துறை, மற்றொன்றில் துறைமுகம்.

கிழக்கு ஐரோப்பாவின் ஸ்லாவிய மொழிகளில் ஆற்றுத் துறைக்கு மீட்டுருவாக்கப்பட்ட தொல்சொல் *ப்ரோது என்பது. உருசியத்திலும் செக் மொழியிலும் அது ‘ப்ரோத்’ என வாழ்கின்றது. சாவா ஆற்றங்கரையிலுள்ள குரோவாசிய நகரமாகிய ஸ்லாவோன்ஸ்கி ப்ரோத் அச்சொல்லைத் தாங்கி நிற்கின்றது. நீருக்குள் கால்வைத்து நடத்தல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து அப்பெயர் பிறந்தது. அவ்வினை ஸ்லாவிய மொழிகளில் மட்டுமன்றி லித்துவேனிய மொழியிலும் உண்டு. ஆதலின் அதன் பிறப்பில் ஐயமில்லை. வியப்பு யாதெனின், குரோவாசியத்திலும் செர்பியத்திலும் ‘ப்ரோத்’ இன்று கப்பலையும் குறிக்கும். காலால் கடந்த இடத்தின் பெயர், காலுக்கு எட்டாத நீரைக் கடக்கும் கலத்தின் பெயராயிற்று.

எங்கே நிற்பது

சொற்பொழிவுகளின் முடிவில் நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் வினா ஒன்றுண்டு: ஆங்கிலத்தின் ‘டோர்’ என்பது தமிழ்த் ‘துறை’யிலிருந்து வந்ததன்றோ? கேட்பவரின் தமிழ்ப்பற்றை மதிக்கின்றோம். ஆயினும் விடை ‘அன்று’ என்பதே. ‘டோர்’ என்பதற்குச் செருமானியத்தில் ‘த்யூர்’, கிரேக்கத்தில் ‘தூரா’, வடமொழியில் ‘துவார’ என உறவுகள் உள்ளன; எல்லாம் கதவையும் வாயிலையும் குறிப்பன. அவற்றுள் ஒன்றேனும் நீர்க்கரையைத் தொடவில்லை. துறையின் உறவுகளோ யாவும் நீரோடு நிற்கின்றன. ஓசையொன்றை நம்பி இவற்றைக் கட்டினால், ‘துரை’யையும் ‘துறை’யையும் ஒன்றாக்கிய அதே பிழையைப் பெரிய அளவில் செய்தவராவோம்.

துறைக்கு மூலவினை யாது என்னும் வினாவிலும் இதே கட்டுப்பாடு வேண்டும். ‘துற’ என்பதோடு இணைத்து, கரையைத் துறந்து செல்லும் இடம் துறை என்று விளக்குவது செவிக்கு இனிது. ஆனால் தொல்வழக்கில் துறை என்பது கரையை நீங்கும் இடம் மட்டும் அன்று. நீர் எடுக்கவும் நீராடவும் வந்து சேரும் இடமும் ஆகும். ஸ்லாவியச் சொல்லுக்கு அதன் வினை இரு கிளைகளில் சாட்சி சொல்கின்றது. அத்தகைய சாட்சி இன்றி நாம் தீர்ப்பு எழுதலாகாது.

ஒப்பீட்டிற்குக் ‘கட’ என்னும் வினையை நோக்குக. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகியவற்றில் மட்டுமன்றி, வடகிளையைச் சேர்ந்த குடுக்கு மொழியிலும் அதன் உறவு காணப்படுகின்றது. குடுக்கு மொழியினர் சார்க்கண்டு மாநிலத்தில் வாழ்பவர். அத்துணைத் தொலைவில் உள்ள மொழியும் சாட்சி சொல்வதால், ‘கட’ என்பதை முழுத் திராவிடக் குடும்பத்தின் தாய்மொழிக்கே உரியதாகக் கொள்ளலாம். அதிலிருந்து பிறந்த ‘கடவு’ மலையாளத்தில் படகுத்துறையைக் குறிக்கும். இலங்கைத் தமிழரின் ‘கடவுச்சீட்டு’, நம் ‘கடப்பிதழ்’ இரண்டும் அதன் வழிவந்தவை. ‘துறை’க்கு நாம் இங்கே அழைத்த சாட்சிகளோ தென்கிளையைச் சேர்ந்தவை. ஆதலின் இவ்வுடுக்குறியைத் தென்கிளையின் தொல்நிலையோடு நிறுத்துகின்றோம். இரண்டும் பழஞ்சொற்கள், ஆனால் சான்றின் ஆழம் வேறு.

இவ்வாறு எல்லை வகுப்பதால் தமிழ் சிறுமைப்படுகின்றதா? இல்லை. உலகச் சொற்கள் எல்லாம் தமிழே என்று சொல்லும் கூற்றை எவரும் ஒரு புன்னகையோடு தள்ளிவிடலாம். றகரம் வல்லினத்தில் நிற்பதன் காரணத்தையும், தோட்டத்துப் பாட்டியின் ‘பொகை’யும் கன்னடத்துப் ‘பொகெ’யும் ஒத்துநிற்கும் முறையையும் எவராலும் தள்ளிவிட இயலாது. ஏனெனில் அவற்றை எவரும் சோதித்துப் பார்க்கலாம்.

மூவார் ஆற்றின்மீது 1960களில் சுல்தான் இஸ்மாயில் பாலம் எழுந்தது; அதற்கு முன் அவ்வாற்றையும் ஃபெரியில்தான் கடந்தனர். பாலங்கள் வந்தபின் நாம் துறையில் இறங்கி நிற்பது அரிதாயிற்று. நீரில் கால் நனையாமல் கடக்கின்றோம். ஆயினும் ஜொகூர் நீரிணையைக் கடக்கும் ஒவ்வொரு நாளும், கடப்பிதழும் கையுமாகத் துறையின்முன் வரிசையில் நிற்கின்றோம். சொல் இன்னும் தன் பழைய இடத்திலேயே இருக்கின்றது. அடுத்தமுறை அம்முகப்பின்முன் நிற்கும்போது, உடன்வரும் பிள்ளையிடம் அச்சொல்லைச் சொல்லி, எந்த ‘ற’ என்று கேட்டுப் பாருங்கள். விடையோடு காரணத்தையும் சொல்லிக்கொடுங்கள்.